குவாண்டம் கணிப்பொறி: பூட்டும் திறவுகோலும்

செய்தித்தாளைப் பிரித்தால் ‘குவாண்டம்’ என்னும் சொல் கண்ணில் படாத வாரமே இல்லை எனுமளவுக்கு அச்சொல் இன்று பெருவழக்காகிவிட்டது. 2025-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை குவாண்டம் அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசும், மின்சுற்று ஒன்று குவாண்டம் விதிகளின்படி நடக்க வல்லது என்பதை 1984, 1985-ஆம் ஆண்டுகளில் செய்து காட்டிய ஜான் கிளார்க், மிஷெல் தெவோரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்கு வழங்கப்பெற்றது. அதற்கு முன்பே, 2023 ஏப்ரலில், நமது மத்திய அரசு ‘தேசிய குவாண்டம் திட்டம்’ ஒன்றுக்கு ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்க இசைவளித்திருந்தது.

இவற்றைப் படிக்கும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டே. “இது வந்துவிட்டால் இப்போதுள்ள கம்ப்யூட்டரெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுமா?” என்பது ஒன்று. “பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா?” என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான வினாக்களே. எனினும் எவரும் கேளாத மூன்றாம் வினா ஒன்று உண்டு. நம் வீட்டு இரகசியங்களை இன்று காத்து நிற்கும் பூட்டு இன்னும் எத்தனை காலம் தாங்கும்? அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம். மற்ற இரண்டும் தாமே பின்தொடரும்.

வீட்டு இரகசியம் என்றதும் இரும்புப் பெட்டியை நினைத்துவிட வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்புகிறோம். மருத்துவமனைக்குச் சோதனைச் சீட்டுகளைக் கைப்பேசி வழியே அனுப்புகிறோம். அயல்நாட்டிலிருக்கும் மகளோடு குடும்பச் செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறோம். இவை யாவும் வழியில் பலருடைய இயந்திரங்களைக் கடந்தே செல்கின்றன. கடக்கும்போது எவரும் படித்துவிடாதபடி அவற்றுக்குப் பூட்டு ஒன்று இடப்படுகின்றது. அப்பூட்டு இரும்பால் ஆனதன்று, எண்ணால் ஆனது.

அதன் சூட்சுமம் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கக்கூடியதே. 73-ஐ 97-ஆல் பெருக்கு என்றால் தாளும் பென்சிலும் கொண்டு அரை நிமிடத்தில் 7081 என்று சொல்லிவிடலாம். ஆனால் 7081 என்னும் எண்ணைக் கையில் கொடுத்து, “எந்த இரு எண்களின் பெருக்கல் இது?” என்று கேட்டால் நெடுநேரம் திண்டாட வேண்டிவரும். பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது கடினம். இந்த ஒருவழிப் பாதையையே பூட்டாக்கியவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர், ஆண்டு 1977. மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘ஆர்.எஸ்.ஏ.’ என்று பெயர் வழங்கலாயிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் தம் புதிர்ப் பகுதியில் 129 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றை வெளியிட்டார். அதனைப் பிரித்து உள்ளிருக்கும் செய்தியைப் படிப்பவர்க்கு 100 டாலர் பரிசு. அன்றைய முறைகளைக் கொண்டு அதனைப் பிரிக்க 400 கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டனர். நடந்ததோ வேறு. 1994 ஏப்ரலில், அதாவது பதினேழே ஆண்டுகளில், ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள் தத்தம் கணிப்பொறிகளை ஒன்றிணைத்து அதனைப் பிரித்துவிட்டார்கள். இவ்வெற்றியில் குவாண்டம் என்பது எள்ளளவும் இல்லை. கணித முறைகள் கூர்மையடைந்தன, இயந்திரங்கள் வேகமடைந்தன, அவ்வளவே. ‘எவராலும் முடியாது’ என்று பூட்டுச் செய்பவர் சொல்லும் காலக்கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இஃதொரு நல்ல பாடம்.

பழைய வகைத் தாக்குதலுக்கு மருந்து எளிது: எண்ணை நீட்டிவிட வேண்டியதுதான். இன்று பரவலாக வழங்கும் பூட்டெண் 617 இலக்கங்கள் கொண்டது. 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தபோதே, ஒரே கணிப்பொறியின் ஒரே செயலகத்தில் செய்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகக்கூடிய உழைப்புத் தேவைப்பட்டது. 617 இலக்கம் என்பது அந்த வழியில் எட்டவே இயலாத உயரம்.

ஆயின் அதே 1994-ஆம் ஆண்டில், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பீட்டர் ஷோர் என்னும் கணித வல்லுநர் வேறொரு வழியைக் காட்டினார். குவாண்டம் விதிகளின்படி இயங்கும் கணிப்பொறி ஒன்று இருக்குமாயின், எண்ணை எவ்வளவு நீட்டினாலும் அது பெரிதாகத் தடுமாறாது என்பதே அவர் நிறுவிய முடிவு. அன்று அத்தகைய இயந்திரம் உலகில் எங்கும் இல்லை. திறவுகோலின் வரைபடம் முதலில் வந்தது. அதனை வார்க்கும் உலை பின்னரே வந்தது என்க.

அவ்வியந்திரம் யாது? இன்றைய கணிப்பொறிக்குத் தெரிந்த எழுத்துகள் இரண்டே: 0, 1. மின்விளக்கின் பொத்தானைப் போல ஒவ்வோர் உறுப்பும் ஒன்று எரியும், அல்லது அணைந்திருக்கும். இதற்குப் ‘பிட்’ என்று பெயர். குவாண்டம் கணிப்பொறியின் உறுப்புக்கு ‘க்யூபிட்’ என்று பெயர். அது 0, 1 என்னும் இரு நிலைகளும் ஓரளவு கலந்த அலை போன்ற நிலையில் நிற்க வல்லது. எனினும் நாம் அளந்து பார்க்கும் கணத்தில் 0 அல்லது 1 என்று ஒன்றை மட்டுமே காட்டும், கலப்பைக் காட்டாது. பத்துக் க்யூபிட்டுகளைப் பிணைத்தால் 1,024 நிலைகள் ஒருங்கே கலந்து நிற்கும். முந்நூறு க்யூபிட்டுகளின் நிலைகளை எழுதப் புகுந்தால், காணும் பிரபஞ்சத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கையும் போதாது.

இவ்விடத்தில்தான் பத்திரிகைகள் வழுக்கி விழுகின்றன. “குவாண்டம் கணிப்பொறி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் சோதித்துச் சரியானதைத் தந்துவிடும்” என்று எழுதிவிடுகிறார்கள். அவ்வாறன்று. எல்லா விடைகளும் கலந்து நிற்கின்றன என்றே வைத்துக்கொண்டாலும், அளக்கும்போது அவற்றுள் ஏதோ ஒன்று மட்டுமே கைக்கு வரும். அவ்வளவுதான் என்றால், குடத்தில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடே இல்லை. அதற்காக எந்த அரசும் கோடிகளைக் கொட்ட வேண்டியதில்லை.

உண்மையான சூட்சுமம் அலையின் இயல்பில் உள்ளது. அசைவற்ற குளத்தில் சற்றே இடைவெளி விட்டு இரு கற்களை ஒருங்கே எறிந்து பாருங்கள். இரு வட்டங்கள் விரிந்து ஒன்றையொன்று சந்திக்கும். முகடும் முகடும் சேருமிடத்தில் நீர் உயர்ந்தெழும். முகடும் பள்ளமும் சேருமிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கி நீர் அமைதியாகிவிடும். க்யூபிட்டுகளின் நிலைகளும் இவ்வாறே கூடவும் கழியவும் வல்லவை. தவறான விடைகளுக்குச் செல்லும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும், சரியான விடைக்குச் செல்லும் அலைகள் ஒன்றுகூடி உயரவும் தக்கவாறு கணக்கை அமைத்துவிட்டால், அளக்கும்போது பெரும்பாலும் சரியான விடையே கைக்கு வரும். அவ்வாறு அமைக்கக்கூடிய கணக்குகள் சிலவே. எண்ணைப் பிரிக்கும் கணக்கு அச்சிலவற்றுள் ஒன்றாக அமைந்ததே பூட்டுக்கு நேர்ந்த வினை.

எவ்வாறு என்பதை 15 என்னும் சிற்றெண்ணைக் கொண்டே பார்த்துவிடலாம். பொறுமையுள்ள அன்பர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க. 7-ஐத் திரும்பத் திரும்ப 7-ஆல் பெருக்கி, ஒவ்வொரு முறையும் 15-ஆல் வகுத்து மீதியை மட்டும் குறித்து வாருங்கள். 7, 4, 13, 1 என்று வரும். அடுத்து மீண்டும் 7, 4, 13, 1. நான்கு படிக்கு ஒருமுறை சக்கரம் திரும்பிவிடுகின்றது. நான்கில் பாதி இரண்டு. 7-இன் இரண்டாம் படி 49. அதற்கு ஒன்று முந்தியது 48, ஒன்று பிந்தியது 50. இனி 48-க்கும் 15-க்கும் மீப்பெரு பொதுக் காரணி காண்க: 3. அவ்வாறே 50-க்கும் 15-க்கும் காண்க: 5. பூட்டு திறந்தது, 15 என்பது 3 பெருக்கல் 5.

சக்கரம் எத்தனை படிக்கு ஒருமுறை திரும்புகின்றது என்பது தெரிந்தால் மற்றவை ஐந்தாம் வகுப்புக் கணக்கே. ஆனால் 617 இலக்க எண்ணின் சக்கரம் திரும்பி வருமுன் யுகங்கள் முடிந்துவிடும். ஒவ்வொரு படியாக நடந்து சென்று எண்ணிப் பார்க்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. ஷோர் கண்ட வழி எண்ணுவதன்று, கேட்பது. தம்புராவின் தந்தி வினாடிக்கு எத்தனை முறை அதிர்கின்றது என்று எந்தப் பாடகரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. காது சுருதியை உடனே கண்டுகொள்கின்றது. அதுபோல, சக்கரத்தின் எல்லாப் படிகளையும் அலையாகக் கலந்து நிறுத்தி, அவ்வலையின் ‘சுருதியை’ மட்டும் அளந்தெடுப்பதே குவாண்டம் கணிப்பொறி செய்யும் வேலை. 2001-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கலிஃபோர்னிய ஆய்வுக்கூடத்தில் ஏழு க்யூபிட்டுகளைக் கொண்டு இம்முறையில் 15-ஐ மூன்றாகவும் ஐந்தாகவும் பிரித்துக் காட்டினார்கள். பள்ளிச் சிறுவன் வாயால் சொல்லும் விடைக்கு இத்தனை ஆரவாரமா என்று சிலர் நகைத்தனர். நகைப்புக்குரியதன்று, வழி உண்மையானது என்பதற்கு அது சான்றாயிற்று.

பின் ஏன் பூட்டுகள் இன்னும் திறக்கப்படவில்லை? க்யூபிட் தொட்டாற்சிணுங்கியினும் மென்மையானது என்பதே காரணம். சற்றே வெப்பம், சற்றே அதிர்வு, எங்கிருந்தோ வரும் மின்காந்த அலை: எதுவாயினும் கலந்த நிலை கலைந்துவிடும். ஆகவே கூகுள், ஐ.பி.எம். போன்ற நிறுவனங்கள் தம் மின்சுற்றுகளைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு பாகையின் நூறில் ஓரிரு பங்கு அளவிலேயே வைத்திருக்கின்றன. விண்வெளியின் ஆழம்கூட அதனினும் நூறு மடங்குக்கு மேல் வெப்பமுடையது. படங்களில் பொன்னிறச் சரவிளக்குப் போலத் தொங்குகிறதே, அது கணிப்பொறியன்று. அதனைக் குளிர்விக்கும் பெட்டியின் உட்புறம். கணிக்கும் பகுதி அடியில் இருக்கும் சிறு சில்லு. வேறு சிலர் மின்புலத்தில் மிதக்கும் தனி அயனிகளையே க்யூபிட்டாகக் கொண்டு ஒளிக்கதிரால் இயக்குகின்றனர். எவ்வழியாயினும், சில நூறு முதல் சில ஆயிரம் செயல்களுக்கு ஒருமுறை பிழை நேர்வது வழக்கமாயிருக்கின்றது. பூட்டைத் திறக்கும் கணக்குக்கோ கோடிக்கணக்கான செயல்கள் வேண்டும்.

பிழையைத் திருத்தும் வழியையும் அதே ஷோர்தான் 1995-இல் காட்டினார். ஒரு க்யூபிட்டின் செய்தியை ஒன்பது க்யூபிட்டுகளில் பரப்பி வைத்தால், ஒன்று தவறினாலும் மற்றவற்றைக் கொண்டு மீட்கலாம். ஆனால் திருத்த வந்த க்யூபிட்டுகளும் தவறு செய்பவையே. காவலர் கூடக் கூடக் களவும் கூடுமா, குறையுமா? இதற்கு விடை காண முப்பது ஆண்டுகள் ஆயின. 2024 டிசம்பரில் கூகுள் தன் 105 க்யூபிட் ‘வில்லோ’ சில்லின் முடிவுகளை வெளியிட்டது. காவற்கட்டத்தை 3-க்கு 3, 5-க்கு 5, 7-க்கு 7 என்று பெரிதாக்கிய ஒவ்வொரு முறையும் பிழை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அந்நிறுவனம் அன்று விளம்பரப்படுத்திய வேகக் கணக்குகளைவிட, நம் மதிப்பில், இதுவே பெரிய செய்தி.

இன்னொரு புறமும் காண வேண்டும். 617 இலக்கப் பூட்டை எட்டு மணி நேரத்தில் திறக்க இரண்டு கோடி க்யூபிட்டுகள் வேண்டும் என்று 2019-இல் ஒரு கணிப்பு வந்தது. அக்கணிப்பைச் செய்த இருவருள் ஒருவரே 2025-இல், பத்து இலட்சத்துக்கும் குறைவான க்யூபிட்டுகளைக் கொண்டு ஒரு வாரத்துக்குள் திறக்கலாம் என்று எழுதினார். ஐ.பி.எம். 2023-இல் அறிவித்த சில்லில் இருந்தவை 1,121. இடைவெளி இன்னும் பெரிதே. எனினும் அது இரு பக்கமும் சுருங்குகின்றது: இயந்திரம் வளர்கின்றது, தேவை குறைகின்றது. தேவை குறைந்ததோ தாளும் பேனாவும் கொண்டு செய்த சிந்தனையால்!

“இயந்திரம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாமே” என்று சொல்லத் தோன்றும். இங்குதான் மெய்யான ஆபத்து ஒளிந்திருக்கின்றது. பூட்டிய பெட்டியை இன்று திருடிச் சென்று, திறவுகோல் கிடைக்கும் வரை பரணில் போட்டு வைப்பவனை நினைத்துப் பாருங்கள். மறைமொழியில் செல்லும் செய்திகளை இன்று படியெடுத்துச் சேமித்து, பத்தோ இருபதோ ஆண்டுகள் கழித்துத் திறந்து படிக்க இயலும். நேற்றுக் கட்டிய மின்கட்டணத்தின் விவரத்தை அப்போது எவன் படித்தாலும் நமக்கு நட்டமில்லை. ஆனால் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் மருத்துவக் குறிப்பு அவள் மணமுடித்துப் பேரன் பேத்தி காணும் வரை இரகசியமாக இருக்க வேண்டியதன்றோ? வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மிக்கேல் மோஸ்கா என்னும் அறிஞர் இதனை ஒரு கூட்டல் கணக்காகவே தந்திருக்கிறார். இரகசியம் காக்கப்பட வேண்டிய ஆண்டுகளையும், பூட்டுகளையெல்லாம் மாற்றி முடிக்க ஆகும் ஆண்டுகளையும் கூட்டுக. அத்தொகை, திறவுகோல் வருவதற்கான ஆண்டுகளைவிட மிகுதியாயின், இன்றே காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

நற்செய்தியும் உண்டு. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2016-இல் புதிய பூட்டுகளுக்கென உலகளாவிய போட்டி ஒன்றைத் தொடங்கி, 2024 ஆகஸ்டில் மூன்று முறைகளைத் தரங்களாக வெளியிட்டது. அவற்றுள் இரண்டு, கோலப் புள்ளிகளை ஒத்த கணிதத்தின் மேல் எழுந்தவை. வாசலில் இட்ட புள்ளிகளுக்கு நடுவே ஓரிடத்தைக் காட்டி, “இதற்கு மிக அருகிலுள்ள புள்ளி எது?” என்றால் குழந்தையும் சொல்லும். அதே புள்ளிக்கட்டம் நீளம், அகலம் என்னும் இரு திசைகளில் மட்டுமின்றிப் பல நூறு திசைகளில் விரிந்திருக்குமாயின், குவாண்டம் கணிப்பொறிக்கும் அதனை விரைந்து காணும் வழி இதுவரை தெரியவில்லை. ‘இதுவரை’ என்னும் சொல்லை அழுத்திப் படிக்கவும். அப்போட்டியில் நெடுந்தொலைவு வந்த ஒரு முறையை 2022-இல் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் இருவர் சாதாரணக் கணிப்பொறியைக் கொண்டே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். ஆகையால்தான் அறிந்தோர் பழைய பூட்டு, புதிய பூட்டு இரண்டையும் ஒருசேர மாட்டி வருகின்றனர்.

திறவுகோலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், இவ்வியந்திரம் கள்வருக்கென்றே பிறந்தது போலத் தோன்றிவிடும். 1981-இல் அமெரிக்கப் பௌதிக மேதை ரிச்சர்ட் ஃபைன்மன் இக்கருத்தை எடுத்துரைத்தபோது அவர் மனத்தில் இருந்தது இயற்கையே. இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கின்றது. ஆகவே அதனை உள்ளவாறு நடித்துக் காட்டும் இயந்திரமும் அவ்விதிப்படியே நடக்க வேண்டும் என்பது அவர் வாதம். இதற்கு வயற்காட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யூரியா முதலிய உரங்களுக்கு அடிப்படையான அம்மோனியாவைக் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து எடுக்க, தொழிற்சாலைகள் 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தையும் நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தத்தையும் செலவிடுகின்றன. உளுந்து, பயறு, நிலக்கடலைச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்களோ, அதே வேலையைச் சாதாரண மண்ணின் சூட்டில் ஓசையின்றிச் செய்து முடிக்கின்றன. அந்நுண்ணுயிர்களின் நொதியில் இரும்பும் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த ஒரு சிறு முடிச்சு உண்டு. அதில் எலெக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்பதை முழுமையாகக் கணித்துக் காட்டுவது இன்றைய மாபெரும் கணிப்பொறிகளுக்கும் பெரும்பாடாயிருக்கின்றது. குவாண்டம் கணிப்பொறிக்கு ஆய்வாளர்கள் முதல் வரிசையில் வைத்திருக்கும் வேலைகளுள் இதுவும் ஒன்று. புதிய மருந்து, மின்கலம் ஆகியவற்றுக்கான மூலக்கூறுகளைக் கணிப்பதும் இவ்வகையினதே. ஆனால் இவையெல்லாம் பிழை திருத்தம் கைகூடிய பின்னரே.

வேறு பயன்களும் உண்டு. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற லவ் குரோவர் 1996-இல் தேடும் முறை ஒன்றைக் கண்டார். வரிசையின்றிக் கிடக்கும் பத்து இலட்சம் ஏடுகளுள் ஒன்றைத் தேட, ஆயிரத்துக்கும் குறைவான படிகள் போதும் என்றார். இது நல்ல ஆதாயமே. எனினும் ஷோரின் வழியைப் போலப் பூட்டைத் தவிடுபொடியாக்குவதன்று.

இனி, பெற்றோரின் இரு வினாக்கள். கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், படம் பார்க்கவும் அலைகளைக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. அவ்வேலைகளில் குவாண்டம் கணிப்பொறியால் பயனேதுமில்லை. எனவே நம் வீட்டுக் கணிப்பொறி இரும்புக் கடைக்குப் போகாது. படிப்பைப் பற்றியோ, இதற்கு வேண்டிய அடிப்படை கணிதமும் பௌதிகமுமே. அணிக்கோவைகளையும் நிகழ்தகவையும் ஊன்றிக் கற்ற மாணவன் எப்பக்கமும் செல்லலாம். அவ்வடிப்படை இன்றி ‘குவாண்டம் சான்றிதழ்’ தருவதாகப் பல்லாயிரம் ரூபாய் கேட்கும் மூன்று மாதப் பயிற்சிகளுக்குப் பணம் கட்ட வேண்டா என்பது நம் கருத்து. மெய்யாகவே ஆர்வமுள்ள பிள்ளைக்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதுமில்லை. தேசியத் திட்டத்தின் நான்கு மையங்களுள் கணிப்பொறிக்கானது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும், செய்தித்தொடர்புக்கானது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் அமைந்துள்ளன.

‘குவாண்டம்’ என்று பெயரிட்டுச் சந்தையில் விற்கும் பதக்கம், காப்பு முதலியவற்றுக்கும் இவ்வறிவியலுக்கும் எத்தொடர்பும் இல்லை. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரிகள் இத்தகைய பொருள்கள் சிலவற்றைச் சோதித்து, அவை கதிர்வீச்சை வெளியிடுவதாகவும் எவரும் அணியலாகாது என்றும் எச்சரித்தனர். உடல்நலம் தரும் என்று சொல்லி விற்கப்பட்டவை அவை.

பூட்டை மாற்றும் வேலையில் வீட்டாரின் பங்கு சிறிதே. ‘சிக்னல்’ செயலி 2023-இலும், ஆப்பிள் நிறுவனத்தின் செய்திச் செயலி 2024-இலும் புதிய பூட்டை ஏற்றன. பயனாளருள் பெரும்பாலோர் அதனை அறிந்திருக்கவும் மாட்டார். பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையம் தன் நாட்டு நிறுவனங்களுக்கு 2035-ஐ இறுதியாண்டாகக் குறித்துள்ளது. வங்கிகளும் மருத்துவமனைகளும் தம் பூட்டை மாற்றும்போது, அப்புதிய பூட்டு நம் கைக்கு வந்து சேரும் வழி ஒன்றே: கைப்பேசி அவ்வப்போது கேட்கும் மென்பொருள் புதுப்பிப்பு. பிறகு பார்க்கலாம் என்று நாம் விரலால் தள்ளிவிடுகிறோமே, அதுதான். தயாரித்த நிறுவனமே புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய கைப்பேசிக்கு அதுவும் வாராது. பேச மட்டும் அதனை வைத்துக்கொண்டு, வங்கி வேலையை அதிலிருந்து எடுத்துவிடலாம்.